கோணல் முட்களுக்கு வேலை தேடிய ஆறு மாதங்கள்

சென்ற கார்த்திகையில், பாலக்காட்டில் தூண்டில் சாமான் விற்ற கடை ஒன்று மூடப்படுவதாகக் கேள்விப்பட்டுப் போனபோது, நூல், தக்கை, ரீல் என்று விலைபோகக்கூடிய பொருள்கள் அனைத்தும் எனக்கு முன்பே வந்தவர்களின் கைக்குப் போயிருந்தன. மேசைக்கு அடியில் எஞ்சியிருந்தது, பிளாஸ்டிக் உறை ஒன்றுக்குள் பெட்டியோ எண்ணோ இல்லாமல் அள்ளிப் போடப்பட்டிருந்த, முக்கால் கிலோ எடையுள்ள தூண்டில் முட்கள் மட்டுமே. கடைக்காரர் அவற்றை எண்ணிப் பார்க்க விரும்பாமல், தராசில் வைத்து ஆணி விற்பதுபோல எடைக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து செய்தித்தாளில் கொட்டிப் பார்த்த பிறகுதான், வழக்கமான வடிவத்தில் உள்ள முட்களை யாரோ பொறுக்கி எடுத்துவிட்டு, வேண்டாத கோணல்களை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்பது விளங்கியது.

நான் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். பகலில் போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவதும், இரவில் அதே மேசையில் ஃப்ளை கட்டுவதுமாகப் பத்தாண்டுகள் ஓடிவிட்டன. ஃப்ளை என்பது இறகு, மயிர், நூல், கம்பி ஆகியவற்றை முள்ளின்மேல் கட்டிச் செய்யும் பொய்யிரை. அதற்குத் தன் எடை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. தடித்த பிளாஸ்டிக் பூச்சுள்ள நூலின் எடைதான் அதைச் சுமந்துகொண்டு போய்த் தண்ணீரில் இறக்கும். மூணாறுப் பக்கம் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குளிர்நீரில் வாழும் டிரவுட் மீனைக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டு இந்த முறையில் பிடித்தார்கள். எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் டிரவுட்டுக்கு வழியில்லை. இங்கே இருப்பது தோட்டத்துக்குத் தோட்டம் வெட்டிவைத்திருக்கும் ஏரிகளும், அவற்றில் வாழும் விரால், ஜிலேபி, கெண்டை வகைகளுந்தான். வெளியூர்க்காரர்கள் அவற்றைக் குளம் என்பார்கள். எங்களுக்கு இரண்டு ஏக்கர் தண்ணீர் நின்றாலும் ஏரிதான். நான் சோதனை செய்தது பெரும்பாலும் என் பெரியப்பாவின் ஏரியில். அதில் பாதிக்குத் தாமரையும், மீதியில் ஓரமெல்லாம் ஆப்பிரிக்கப் பாயல் என்னும் மிதக்கும் களையும் மண்டிக் கிடக்கின்றன.

முதல் இரண்டு வாரங்கள் தரம் பிரிப்பதிலேயே கழிந்தன. தூண்டில் முள்ளின் அளவுக்கணக்கு புதியவர்களைக் குழப்பக்கூடியது. எண் கூடக் கூட முள் சிறிதாகும், 1ஆம் எண்ணுக்கு மேல் 1/0, 2/0 என்று போகும்போது பெரிதாகும். ஒரு கம்பெனியின் 6ஆம் எண் மற்றொரு கம்பெனியின் 6ஆம் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தண்டு நீளத்துக்குத் தனிக்கணக்கு உண்டு. 2எக்ஸ் லாங் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், அந்த முள்ளின் தண்டு அதைவிட இரண்டு அளவு பெரிய முள்ளின் தண்டு நீளத்துக்கு இருக்கிறது என்று பொருள். அட்டையே இல்லாதபோது இந்தக் கணக்குகளால் பயனில்லை என்பதால், நூல் கோக்கும் காதிலிருந்து வளைவு வரையிலான நீளத்தையும், தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள வாயின் அகலத்தையும் வெர்னியரில் மில்லிமீட்டராக அளந்து, பழைய கெப்பாசிட்டர் டப்பாக்களில் பிரித்துப் போட்டுக்கொண்டேன்.

அளவைவிட முக்கியமானது பதம். முள்ளின் வளைவை, அதைப் பிடித்து நிறுத்தும் இடுக்கியான வைஸின் தாடைக்குள் இறுக்கி, தண்டின் காதுப்பக்கத்தை நகத்தால் சற்றுக் கீழே அழுத்தி விட்டால், நல்ல முள் டிங் என்று ஒலித்துப் பழைய இடத்துக்கே திரும்பும். பதம் குறைந்தது அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். பதம் மிகுந்தது ஒலியின்றி ஒடிந்து எங்காவது பறக்கும். பறப்பது கண்ணில் படலாம் என்பதால், கிரைண்டருக்குப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதைச் செய்தேன். இருந்தும் ஒரு துண்டு என் காதோரம் உரசிக்கொண்டு போயிற்று. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முட்கள் இந்தச் சோதனையிலேயே கழிந்தன.

அடுத்ததாக நான் செய்ததைத்தான், இந்த ஆறு மாத வேலையில் பயனுள்ள ஒரே கண்டுபிடிப்பு என்று சொல்வேன். கடையில் ஒரு வாடிக்கையாளர் மோட்டார் கூலிக்குப் பதிலாகத் தந்துவிட்டுப்போன இரண்டடிக் கண்ணாடி மீன்தொட்டி சும்மா கிடந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரு முள்ளை, எந்த அலங்காரமும் கட்டாமல், ஒரு முழ நைலான் நூலில் முடிந்து உள்ளே இறக்கி, மூன்றை மட்டும் கவனித்தேன்: விழும்போது எந்தப் பக்கம் கீழே போகிறது, அடியில் எப்படிப் படுக்கிறது, மெல்ல இழுக்கும்போது எப்படித் திரும்புகிறது. அதற்கு முன்பெல்லாம் படத்தில் பார்த்த ஃப்ளையை முதலில் முடிவு செய்துகொண்டு, கையில் இருக்கும் முள்ளை அதற்கு வளைத்துக்கொண்டிருந்தேன். வெறும் முள்ளின் நடத்தையைப் பார்த்த பிறகு, எந்த முள்ளுக்கு என்ன கட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முள்ளே சொல்லிவிட்டது. சாதாரண முள்ளுக்கு வளைவும் முனையும் தண்டுக்குக் கீழே தொங்குவதால் எடையும் கீழேதான். ஆகவே முனை கீழ்நோக்கியே நீந்தும். அந்த உறையில் வந்த கோணல்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு விதியை மாற்றுவதற்காகவே கோணலாக்கப்பட்டவை.

இவற்றுள் முதலில் என் கையைக் கட்டிப்போட்டது கீல் முள். உறை முழுவதிலும் பதினொன்றுதான் இருந்தன. கீல் என்றால் படகின் அடிமரம். காதுக்குப் பின்னால் தண்டு ஒரு படி இறங்கி, பிறகு நேராகப் பின்னோக்கிச் சென்று வளைகிறது. இதனால் காதும் முனையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க, தண்டின் நீண்ட பகுதி அவற்றுக்குக் கீழே அடிமரமாகத் தொங்குகிறது. அமெரிக்கரான டிக் போப்ஸ்ட் என்பவர் பிரபலமாக்கிய வடிவம் இது. களையும் விழுந்த மரமும் நிறைந்த இடத்தில் முனை மேல்நோக்கி இருந்தால் சிக்காது என்பது கருத்து. தொட்டியில் போட்டபோது, வெறும் முள்ளே எந்தப் பாரமும் இல்லாமல் முனையை மேலே வைத்துக்கொண்டு இறங்கிற்று. தாமரைத் தண்டுகளுக்கு இடையே விராலுக்குப் போடுவதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று அன்றிரவே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் மூன்றையும் கெடுத்தேன். வைஸில் வழக்கம்போல் முனை கீழே இருக்குமாறு மாட்டி, பழக்கத்தினால் தண்டின் மேற்புறத்தில் ஆட்டுமயிரைக் கட்டிவிட்டேன். தண்ணீரில் அது தலைகீழாக நீந்தும்போது மயிர் வயிற்றுப் பக்கம் போய், முனை அம்மணமாக நின்றது. மறுநாள் முள்ளைத் தலைகீழாகவே வைஸில் மாட்டிக்கொண்டு தொடங்கினேன். அடிமரமான பின்தண்டில், 26ஆம் கேஜ் எனாமல் காப்பர் கம்பியை நெருக்கமாகப் பன்னிரண்டு சுற்று சுற்றினேன். எங்கள் தொழிலில் மிஞ்சும் துண்டுக்கம்பி இதற்குப் போதும். அதன்மேல் தோப்பில் உதிர்ந்து கிடந்த மயில்பீலியின் இழைகளை நான்காகச் சேர்த்து முறுக்கி உடலாகச் சுற்றினேன். காதுக்குப் பின்னால் உள்ள படியில், முனை இருக்கும் பக்கமாக, கருப்பு வெள்ளாட்டின் வால்மயிரை ஒரு தீக்குச்சிப் பருமனுக்கு எடுத்து, அடிமயிரைச் சீப்பால் வாரிக் கழித்துவிட்டுக் கட்டினேன். இந்தப் படியில்தான் நூல் வழுக்கும். தண்டு சரிவாக இருப்பதால் சுற்றிய நூல் காதுப்பக்கம் ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்க, சரிவின் கீழ்முனையிலிருந்து மேலே ஒரு நடை, மேலிருந்து கீழே ஒரு நடை என்று குறுக்குவாட்டில் நூலை ஓட்டி, அந்தப் பின்னல்மேல் மயிரை வைத்து இறுக்க வேண்டியிருந்தது. மயிரின் நுனி முனையைத் தாண்டி ஒரு விரற்கடை பின்னால் நீண்டு, முனையை ஒரு முந்தானைபோல் மூடி நின்றது.

தலையில் கட்டிய நூலுக்குப் பூச, மோட்டாருக்குப் பூசும் வார்னிஷையே முதலில் எடுத்தேன். சூடு காட்டினால்தான் அது முழுதாக இறுகும். பல்புக்கு அடியில் இரண்டு நாள் வைத்த பிறகும் பிசுபிசுத்தது. வீட்டிலிருந்து நிறமில்லாத நெயில் பாலிஷைக் கேட்டு வாங்கிப் பூசியபோது பத்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. பத்தாண்டுகளாக இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாசி மாதத்தில் ஏரிக்கு எடுத்துப்போனபோது, பெரியப்பா கரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தாமரை இலைமேலேயே ஃப்ளையைப் போட்டு, இலையின் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் வழுக்கி விழச் செய்ததைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, எலைமேல போட்டா எலையத்தானே புடிக்கும்?" என்று கேட்டார். "இந்த முள்ளு புடிக்காதுங்க பெரியப்பா, பாருங்க" என்று சொல்லி, அதே இலைமேல் நான்கு முறை போட்டு இழுத்துக் காட்டினேன். நான்கு முறையும் சிக்காமல் வந்தது. ஐந்தாவது முறை, இலைக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுவதுபோல் ஒரு சத்தம் வந்து நூல் இறுகிற்று. கால் கிலோ கூட இல்லாத, விரால் இனத்துக் குறவைதான் அது. இருந்தாலும் மேல்தாடையின் நடுவில் முள் ஏறியிருந்தது. முனை மேல்நோக்கி நீந்துவதால் முள் பெரும்பாலும் மேல்தாடையில்தான் பிடிக்கிறது, அதனால் செவுளுக்குச் சேதமில்லாமல் கழற்றி விடவும் எளிதாக இருக்கிறது என்பதை அந்த மாதம் முழுவதும் கவனித்தேன். குறையையும் சொல்ல வேண்டும். மயிர் அடர்த்தியாகக் கட்டினால் மீன் கடித்தும் முனை வெளிவருவதில்லை. விராலின் வாய் எலும்பு வாய். கடித்ததும் அரைக் கணம் காத்திருந்து, நூலைக் கையால் நீளமாக இழுத்து அழுத்தினால்தான் ஏறும். ஏழு கடிக்கு மூன்று என்ற விகிதத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

கீல் முள் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற கவலைதான் அபர்தீன் முள்ளுக்கு அழைத்துச் சென்றது. மெல்லிய கம்பி, நீளமான தண்டு, சதுரமாகத் திரும்பும் வளைவு. உயிருள்ள சிறுமீனைக் கோத்துப் போடுவதற்காகச் செய்யப்பட்ட முள் இது. ஏறக்குறைய இருநூறு இருந்தன. பதம் சற்று இளகியதாக இருப்பதால், இதைச் சூடு காட்டாமலேயே வளைக்க முடியும். காதிலிருந்து தண்டின் நான்கில் ஒரு பங்கு தூரத்தில் நோஸ் பிளேயரால் பிடித்து, காது, முள்ளின் முனைப் பக்கமாகச் சற்றே சாயும்படி வளைத்தேன். வெளிநாட்டில் பெண்ட்பேக் என்று வழங்கும் வடிவம் இதுதான். பத்துப் பாகைக்கு மேல் வளைத்தால் வாய் குறுகி, கடிக்கும் மீனெல்லாம் நழுவுகிறது. குறைத்து வளைத்தால் தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்து நீந்துகிறது. மரக்கட்டை ஒன்றில் இரண்டு ஆணி அடித்து, அதில் முள்ளை மாட்டி ஒரே அழுத்தில் வளைக்கும் அச்சு செய்துகொண்ட பிறகு, எல்லாம் ஒரே மாதிரி வந்தன. ஜிலேபிக்கும் குறவைக்கும் இது போதும். ஒன்றரைக் கிலோ விரால் ஒன்று தாமரைக்குள் இழுத்துச் சென்றபோது, முள் நேராக நிமிர்ந்து குண்டூசிபோல் திரும்பி வந்தது. இளகிய பதம் வளைப்பதற்கு உதவியதுபோல் நிமிர்வதற்கும் உதவிவிட்டது.

பதம் கெட்டியான முட்களை இதேபோல் வளைக்கலாமே என்று, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிச் சிவக்கவைத்து வளைத்துப் பார்த்தேன். வளைந்தன, ஆனால் எஃகின் பதம் அந்தச் சூட்டிலேயே போய்விட்டது. சிவந்த நிலையில் எண்ணெயில் தோய்த்து மீண்டும் பதம் ஏற்றலாம் என்று தெரியும் என்பதால் அதையும் செய்தேன். தோய்த்தவை கண்ணாடிபோல் ஒடிந்தன. தோய்த்த பிறகு மிதமான சூட்டில் திரும்பவும் வாட்டி இளக்கினால்தான் சரிவரும். இவ்வளவு மெல்லிய கம்பியில், நிறத்தைப் பார்த்து அந்தச் சூட்டை நிறுத்தும் கண் எனக்கு இல்லை. பதினைந்து முட்கள் வீணான பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

ரப்பர்ப் புழு மாட்டுவதற்கான அகலவாய் முட்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. காதுக்குப் பின்னால் இசட் எழுத்துப்போல் இரண்டு மடிப்பு, பிறகு ஒரு பெரிய வயிறு, முனை மறுபடி காதின் மட்டத்துக்கே வந்து நிற்கும். பார்ப்பதற்கு ஃப்ளை கட்ட இடமே இல்லாத முள். தொட்டியில் போட்டால் வயிறு கீழே, முனை மேலே என்று தொட்டில்போல் இறங்கியது. அப்படியானால் மேலே ஒரு மிதவை வைத்தால் தொட்டிலுக்குக் கூரை போட்டதுபோல ஆகும் என்று தோன்றவே, அறுந்துபோன ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தைப் பிளேடால் சீவி, சுண்டுவிரல் அகலத்தில் இரண்டங்குலப் பட்டை எடுத்தேன். அதன் ஒரு முனையை இசட் மடிப்பில் நூலால் கட்டி, மறுமுனையை முள்ளின் முனைமேல் படியவைத்து, முள்முனை அதில் இலேசாகக் குத்தி மறைந்திருக்கும்படி செய்தேன். பின்னால் இரண்டு ரப்பர் பேண்டுத் துண்டுகளைக் கால்களாகக் கட்டியதும் அது தவளையாகிவிட்டது. இசட் மடிப்பு நூலை வழுக்கவிடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. சாதாரணத் தண்டில் ரப்பர்த் துண்டு சுற்றிச் சுழலுமே, அந்தத் தொல்லை இதில் அறவே இல்லை. பாயல்மேல் போட்டு இழுத்தால், பாயலைக் கீறாமல் தத்தித் தத்தி வரும். நான் பிடித்த விரால்களில் பெரியது, இரண்டு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு, இந்தச் செருப்புத் தவளைக்குத்தான் வந்தது.

வட்ட முள்ளை நான் நெடுநாள் வெறுத்துவந்தேன். கடலில் நீள்வரித் தூண்டிலில் பயன்படும் முள் அது. முனை உள்நோக்கித் திரும்பித் தண்டைப் பார்த்து நிற்கும். மீன் விழுங்கிவிட்டுத் திரும்பி நகரும்போது, முள் வழுக்கிக்கொண்டு வாயின் ஓரத்துக்கு வந்து அங்கே திரும்பிப் பற்றும் என்பதுதான் அதன் இயக்கம். ஆகவே சுண்டி இழுக்கக் கூடாது. என் கைக்குச் சுண்டுவதுதான் பழக்கம். முதல் ஒன்பது கடிகளையும் சுண்டியே இழந்தேன். ஆனால் உறையில் இருந்த சிறிய வட்ட முட்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வட்டத்துக்கு ஏற்ற வட்டமான இரை ஒன்று எங்கோ இருக்க வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. அது ஏரியின் வடகரையிலேயே இருந்தது. அங்கே ஒரு ஆலமரம் தண்ணீர்மேல் கவிந்து நிற்கிறது. பழுக்கும் காலத்தில் பறவைகள் கொத்திச் சிந்தும் பழங்கள் பொட்டுப் பொட்டென்று விழ, அடியில் கெண்டைகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன. சிவப்புக் கம்பளி நூலைத் தண்டின் முன்பாதியில் மட்டும் உருண்டையாகச் சுற்றிக் கத்தரியால் நறுக்கி உருட்டி, உள்ளே ஒரு மிளகளவு செருப்பு ரப்பரை வைத்து, மிக மெதுவாக அமிழும்படி செய்தேன். பின்பாதியையும் வாயையும் காலியாக விட்டேன்; வட்ட முள்ளின் வாயை மயிரால் அடைத்துவிட்டால் அது வெறும் மோதிரம். பொட்டென்று விழும் ஓசைக்காகக் கிளைக்குக் கீழே சற்று உயரத்திலிருந்து விழவிட்டு, நூல் தானாக நகரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பங்குனியில் ஆறு கெண்டைகள், ஆறும் வாயின் ஓரத்தில். ஃப்ளை எறிகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவனுக்கு, மரத்தடியில் பழம் போடுவது சற்றுக் கௌரவக் குறைவுதான். மீனுக்கு அந்த வருத்தம் இல்லை.

சித்திரையில் கோடை மழை பெய்த மறுமாலை ஈசல் கிளம்பியது. உறையில் எட்டே எட்டு வளைந்த தண்டு முட்கள் இருந்தன. நேரான பகுதியே இல்லாமல் காதிலிருந்தே இறால்போல் வளைந்தவை. ஹாலந்துக்காரரான ஹான்ஸ் வான் கிளிங்கன் 1980களில் நார்வேயில் உருவாக்கிய ஒரு ஃப்ளை, இத்தகைய வளைவைப் பயன்படுத்தி, இறக்கை தண்ணீர்மேலும் உடல் தண்ணீருக்குள்ளும் தொங்கும்படி செய்யப்பட்டது. விழுந்த ஈசலும் அப்படித்தான். இறக்கை நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொள்ள, வயிறு கீழே தொங்கித் துடிக்கும். பழுப்பு நூலில் உடல், வெள்ளைப் பாலிதீன் உறையை நறுக்கி இறக்கை, நாட்டுச் சேவலின் கழுத்திறகைக் கிடைமட்டமாக நான்கு சுற்று. இருட்டும்வரை ஒன்றரை மணி நேரம். ஜிலேபிகளை எண்ணுவதை இருபதோடு நிறுத்திக்கொண்டேன்.

பக்கவாட்டில் முனை திருகிய முட்கள் புழுவுக்கு நல்லவை, இழுத்து நீந்தவிடும் ஃப்ளைக்குக் கெட்டவை; தொட்டியிலேயே பம்பரமாகச் சுழன்று நூலை முறுக்கின. வைஸில் வைத்து நேராக்கியதில் இருபதுக்கு மூன்று ஒடிந்தன, மற்றவை சரியாயின. தண்டின் முதுகில் இரண்டு வெட்டுப்பல் உள்ள முட்களில் நூல் அறுந்துகொண்டே இருந்ததால் தூக்கிப்போடப் போனவன், அந்த இரண்டு பல்லுக்கும் நடுவில் சாவிச்சங்கிலியின் மணி இரண்டைக் கண்களாக வைத்துக் கட்டிப் பார்த்தேன். கண்கள் அசையவே இல்லை. முனைக்கு எதிர்ப்புறத்தில் தண்டின்மேல் பாரமான கண்களை வைத்தால் ஃப்ளை குப்புறத் திரும்பி முனை மேலாக நீந்தும் என்பது, பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர் தன் சிறுமீன் ஃப்ளையில் காட்டிய வழி. அதில் கண்கள் சுழன்று நழுவுவதுதான் கட்டுபவர்களின் நிரந்தரத் தலைவலி. வேண்டாத பல் அந்தத் தலைவலியைத் தீர்த்துவிட்டது.

இரட்டை முட்களுக்கு என்னால் வேலை கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் ஏரிகளின் களைக்குள் அவை போகாத இடமில்லை, போன இடத்திலிருந்து திரும்புவதும் இல்லை. மூன்று கொக்கி முட்களைப் பார்த்ததும் பெரியப்பா, "இது பாதாளக் கரண்டிடா" என்றார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியேதான். பெரிய மூன்றை ஒரு ஈயக்குண்டோடு சேர்த்துக் கயிற்றில் கட்டிவைத்திருக்கிறேன். தாமரைக் கொடியில் மாட்டிய ஃப்ளைகளைக் கொடியோடு இழுத்து மீட்பதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. அறுந்துபோனதாக எழுதிவைத்த கீல் ஃப்ளை ஒன்றும் அதில்தான் திரும்பி வந்தது.

இப்போது ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றில் செருப்புத் தவளையை எறிந்தால் அது என் முதுகுக்கே வருகிறது. விராலும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு நீர்மட்டத்தில் நிற்கும் காலம் இது. அந்த நேரத்தில் அதன் முன்னால் எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும், காவல் நிற்கும் மீனைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று முடித்துவிடும் என்பதால் நான் போடுவதில்லை. இரவுகளில், காதே இல்லாமல் தலை தட்டையாக அடிக்கப்பட்ட சிறு முட்களோடு உட்கார்ந்திருக்கிறேன். காதுள்ள முள் பரவலாகும் முன், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, ஃப்ளை கட்டியவர்கள் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்துச் செய்த இழையை முறுக்கி வளையமாக்கித் தண்டின் அடியில் கட்டிக் காதாக வைத்துக்கொண்டார்கள். நான் பின்னல் நூலை மடித்து அதையே செய்து பார்க்கிறேன். தண்டு வழவழப்பாக இருப்பதால், முப்பது சுற்றுக்குப் பிறகும் வளையம் உருவிக்கொண்டு வருகிறது. நூலுக்கு மெழுகு பூசியும், தண்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கியும், வளையத்தின் இரு முனைகளையும் மடித்துத் திரும்பக் கட்டியும் பார்த்ததில், நேற்றைய முள் மட்டும் இரண்டு கிலோ எடைக்கல்லைப் பத்து நிமிடம் தாங்கியது. இன்றைக்கு அதே முறையில் ஆறு கட்டித் தொட்டிக்குள் ஊறப்போட்டிருக்கிறேன். காலையில் எடைக்கல்லை மாட்ட வேண்டும்.